கேரண்டி கொடுத்த கஷாயம்

பஞ்சவர்ணத்துக்கு நான் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்று வாங்கவில்லை. வட்டிக்கு எடுக்கவில்லை. என் வாயால் வந்த கடன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் லேத் பட்டறை நடத்தியவன் நான். நான் கொடுத்த ஒரு செக் திரும்பியதில்லை. கடன் கேட்டு ஒருத்தன் என் வீட்டுப் படி ஏறியதில்லை. அப்படிப்பட்டவன், ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற பெண்ணுக்குக் கடன்காரன் ஆனேன்.

என் பெயர் கோவிந்தன். திருமுல்லைவாயிலில் சொந்த வீடு, மேலே ஒரு மாடி, அதில் வாடகைக்கு ஆள். எல்லாம் இந்தக் கையால் வந்தது. அப்பா செம்பரம்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் வரப்பு வெட்டியவர். அந்தக் கழனி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய குடோன் நிற்கிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்தக் கழனியில் எங்களுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். பதினைந்து வயதில் எஸ்டேட்டுக்கு வந்து, லேத் அடியில் குவிகிற இரும்புச் சீவலை வாரிக் கொட்டுகிற வேலையில் சேர்ந்தேன். வாரிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். முப்பது வயதில் ஒரு பழைய லேத் தவணையில் வாங்கினேன். ஐம்பதில் ஆறு லேத் ஓடியது. டிகிரி படித்த இன்ஜினியர்கள், "கோவிந்தன் பீஸா? அளக்க வேணாம், உள்ள அனுப்பு" என்பார்கள். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எஸ்டேட்டில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. புது ஆர்டர் வந்தால் முதலில் ஒரு சாம்பிள் பீஸ் கடைந்து கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரன் அதை அளந்து, மிஷினில் மாட்டி ஓட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மொத்த லாட்டும் கடைவோம். சாம்பிள் பிற்பாடு உடைந்தது என்றால் லாட் முழுக்கத் திரும்பி வரும். கம்பெனிக்காரன் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பவன் தொழில்காரன் இல்லை. அவனுக்கு முன்னால் நாமே போன் போட்டுச் சொல்லி, நாமே வண்டி அனுப்பி எடுத்து வந்து, காசைத் திருப்ப வேண்டும். நான் அப்படி இரண்டு தடவை செய்திருக்கிறேன். நஷ்டம்தான். ஆனாலும் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பட்டறையை மகன் விஜய்யிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது எனக்குச் சர்க்கரை இருந்தது, தொப்பை இருந்தது. எங்கள் நகர்ப் பூங்காவில் நடக்க ஆரம்பித்தேன். பீடியை விட்டேன். காலையில் நெல்லிக்காய்ச் சாறு, இரவில் இட்லி என்று மாறினேன். ஒரு வருஷத்தில் தொப்பை போயிற்று, சர்க்கரை இறங்கியது. அந்த ஒரு வருஷம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது அப்படித் தோன்றவில்லை. என் உடம்பை நானே கடைந்து எடுத்த பீஸாகப் பார்த்தேன்.

போனில் வீடியோ பார்ப்பேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் மஞ்சளைப் பற்றிப் பேசுவார். அதில் குர்குமின் என்று ஒன்று இருக்கிறதாம், கேன்சர் செல்லைக் கொல்கிறதாம். தக்காளியில் ஒன்று, பூண்டில் ஒன்று, கீரையில் ஒன்று. முள் சீத்தா இலை கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு பலம் என்று இன்னொருத்தர். ஐந்தாவது படித்தவன் வாயில் குர்குமின் என்ற வார்த்தை வந்தால் கேட்கிறவன் நிமிர்ந்து பார்க்கிறான். அந்த ருசி எனக்குப் பிடித்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன்.

"இன்னாபா, கண்ணாடியாண்ட நின்னுகினு யார திட்ற?" என்று கேட்டாள் என் மனைவி சுசீலா.

"குர்குமின்டி. மஞ்சள்ல கீது."

"எங்கம்மா அத்த வெறும் மஞ்சத்தூள்னு சொல்லிகினே கொழம்புல போட்டுச்சு."

பூங்கா வாசலில் ஒரு தள்ளுவண்டி போட்டேன். பணத்துக்காக இல்லை. ஓய்வாக உட்கார என்னால் முடியாது. அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சூப், மஞ்சளும் மிளகும் போட்ட பால், முள் சீத்தா இலைக் கஷாயம். எது எடுத்தாலும் இருபது ரூபாய். வண்டிக்கு மேலே ஒரு பேனர் கட்டினேன்: கேன்சர் வராது, கேரண்டி. எழுத்து நானே சொல்லி அடித்தது.

ஆவடி பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருமுருகன் என்று ஒருத்தர். திருநெல்வேலிக்காரர், குவார்ட்டர்ஸில் இருந்து இந்தப் பக்கம் வீடு கட்டி வந்தவர். முதல் நாளே பேனரை வாய்விட்டுப் படித்தார்.

"அண்ணாச்சி, கேரண்டின்னா? மிக்சிக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரியா?"

"அதே மாரிதான். என்னாண்ட குடிச்சிட்டு கேன்சர் வந்தா, குடிச்ச காச எண்ணிக் குடுப்பேன்."

"வந்தவன் காச வாங்கி என்ன செய்ய?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. சட்டையை இழுத்து வயிற்றைத் தட்டிக் காட்டினேன். "இத பாரு சார். அறுபத்தொம்போது வயசு. நான்தான் சாம்பிள் பீஸ். எனக்கு வந்தா பார்த்துக்கோ, மொத்தம் வாபஸ்."

கைதட்டினார்கள். அன்று பால் ஏழு மணிக்கே தீர்ந்தது.

பஞ்சவர்ணம் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஐம்பது வயதுக்குள் இருக்கும். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலை. புருஷன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். காலையில் ஷேர் ஆட்டோவுக்குப் போகிற வழியில் பூங்காவைத் தாண்டிப் போவாள். அதுவரை என்னிடம் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தவள் இல்லை. அன்றைக்குக் கூட்டம் கலைகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு வந்தாள்.

"அண்ணாத்தே, மெய்யாலுமா கேரண்டி?"

"பேனர்ல போட்டுகீதே. படிக்கத் தெரியாதா?"

"தெரியும். உன் வாயால சொல்லு."

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. தலையைக் குனிந்து மெதுவாகச் சொன்னாள். கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் வைத்தார்களாம். மார்பில் கட்டி மாதிரி கையில் தட்டுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். வலி இல்லை. அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாளாம். மகளிடம் சொல்லவில்லை.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"ஊசில குத்துனா உள்ள கீறது கலஞ்சி ஒடம்பெல்லாம் பரவிடும்மே. எத்தினி பேர் அப்படியே போயிட்டாங்க. நீ கஷாயம் குடி. ஆறு மாசம் விடாம குடி. கரையலன்னா என்ன கேளு."

"கரைஞ்சிடுமா?"

"கோவிந்தன் பீஸ் திரும்பி வந்ததில்ல." இரண்டு தடவை நானே திருப்பி எடுத்து வந்ததைச் சொல்லவில்லை.

அவள் முகம் அப்படியே தெளிந்தது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். நான் அதை வாங்கினேன். ஓசியில் கொடுத்திருந்தாலாவது பேச ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

அன்று முதல் மழை நாள், பண்டிகை நாள் எதுவும் பார்க்காமல் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளிலும் கஷாயத்துக்காக மட்டும் நடந்து வந்தாள். கசப்பு தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பாள். தன்னோடு வேலை பார்க்கிற நாலு பெண்களையும் அழைத்து வந்தாள். "அண்ணாத்த சொன்னா சொன்னதுதான்" என்று எனக்கு விளம்பரம் செய்தாள். எனக்குப் பெருமை. வீட்டுக்குப் போய் சுசீலாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். கட்டி என்ன ஆயிற்று என்று அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

அதே நாட்களில் எனக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது. மூலம் என்று முடிவு செய்துகொண்டேன். துத்தி இலையை வதக்கித் தின்றேன். மோரில் வாழைப்பூ போட்டுக் குடித்தேன். கஷாயத்தை இரண்டு வேளை ஆக்கினேன். எடை குறைந்தது. அதைக்கூடப் பூங்காவில் பெருமையாகத்தான் சொன்னேன். "பார்த்தீங்களா, இருபது வயசுப் பையன் ஒடம்பு." சுசீலா ஒரு நாள் கழிவறையில் பார்த்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் விஜய்க்குப் போன் போட்டாள். அவன் வந்து என்னைப் பிடித்துக் காரில் ஏற்றினான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பெயர் மைதிலி. என் மகள் வயசுகூட இருக்காது. பெருங்குடலில் கேன்சர் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. பூங்கா வாசல் ஞாபகம் வந்தது. வயிற்றைத் தட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

"மேடம், நான் தெனம் மஞ்சள் குடிக்கிறவன். குர்குமின்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோ பார்த்தேன். அது கேன்சர் செல்லக் கொல்லுதுன்னு..."

"கொல்லுது ஐயா. பொய் இல்ல. ஆனா எங்கே? லேப்ல, கண்ணாடித் தட்டுல. செல்லுக்கு மேலயே நேரா ஊத்திப் பார்க்கறாங்க. நீங்க வாயில ஊத்தறீங்க. குடல்லேர்ந்து ரத்தத்துக்குப் போறது கொஞ்சூண்டு, மீதி வெளியே போயிடும்."

"மிளகு சேர்த்தா ஏறும்னானே?"

"கொஞ்சம் கூட ஏறும். அதனால மனுஷ உடம்புல வந்த கட்டி கரைஞ்சதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல."

"முள் சீத்தா?"

"அதுவும் தட்டுலயும் எலியிலயும்தான். ரொம்ப நாள் நிறையக் குடிச்சா நரம்புக்கு ஆகாதுன்னு ஒரு சந்தேகமும் இருக்கு. நிறுத்திடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப கீரை, காய், பயறு, நெல்லிக்கா அல்லாம் வேஸ்ட்டா? நாங்க தின்னதெல்லாம் மண்ணா?"

"அப்படி யார் சொன்னா? நார்ச்சத்தோட காய், கீரை, பயறு சாப்பிடறவங்களுக்கு இந்தக் குடல் கேன்சர் வர்றது குறைவுன்னு நிறைய ஆராய்ச்சி இருக்கு. நல்லா சாப்பிடுங்க. ஆனா குறையும். அவ்வளவுதான். உங்களுக்கு வராதுன்னு அது எழுதிக் கொடுக்காது. வந்துட்டா அதைக் கரைக்கவும் கரைக்காது. ரத்தம் பார்த்த அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா இன்னும் சின்னதா இருந்திருக்கும்."

புரிந்தது. லேத்தில் டூல் மேல் கூலண்ட் ஊற்றுவோம். ஊற்றினால் டூல் சூடாகாது, சீக்கிரம் தேயாது. அதனால் டூல் உடையவே உடையாது என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டான். உடைந்த டூலைக் கூலண்டில் ஊறப்போட்டு ஒட்டவைக்கிறேன் என்று ஒருத்தன் வந்தால் பட்டறையை விட்டே துரத்துவேன். ஐம்பது வருஷம் இரும்பில் தெரிந்த விஷயம், உடம்பில் தெரியவில்லை எனக்கு.

எழுந்து போகும்போது கேட்டேன். "மேடம், கட்டில ஊசி குத்துனா பரவிடும்ன்றாங்களே?"

"பரவாது. ஊசி போட்டாதான் அது என்னன்னே தெரியும். யார் இந்த மாதிரி சொல்லிச் சொல்லி ஜனங்களைக் கெடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது கட்டி இருக்கா?"

"இல்ல மேடம். சும்மா கேட்டேன்."

இல்லை என்று சொன்னேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த நிமிஷம், பஞ்சவர்ணத்தின் முகம் கண் முன்னால் நிற்க, இல்லை என்று சொன்னேன். சொன்னால் அந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று.

ஆபரேஷன் நடந்தது. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் இறங்க ஒரு பை மாட்டினார்கள். சில மாதம் கழித்து மூடிவிடலாம் என்றார்கள். பூங்காவில் கேட்டவர்களிடம் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். வீட்டு ஜன்னலை மூடியே வைத்திருந்தேன்.

"உள்ளயே ஒளிஞ்சிகினு இன்னா பண்ணப் போற?" என்றாள் சுசீலா.

"நான் ஒளியல."

"பின்ன பெங்களூர்ல என் கையால கஞ்சி குடிக்கிறியா?"

ஒரு சாயங்காலம் திருமுருகன் போன் செய்தார்.

"அண்ணாச்சி, பெங்களூர்ல குளிரா? இங்க ஒம்ம கட அடைச்சே கிடக்கு. ஆனா ஒம்ம கஷாயம் மட்டும் நிக்கல. அந்தப் பஞ்சவர்ணம் இலைய வாங்கி வீட்டுலயே காய்ச்சுதாம். கூட வேல பாக்குற பொம்பளையளுக்கும் குடுக்குதாம். கேட்டா, அண்ணாத்த கேரண்டிங்குது."

"அவ எப்படி கீறா?"

"மெலிஞ்சிட்டா. ஒரு தோள தூக்க முடியலன்னு ஒரு பக்கமாவே நடக்கா. ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொன்னேன். கட்டி வெளிய வருது சார், கரையப் போவுதுன்னு அர்த்தம்ங்கா. நீரு வந்து கொஞ்சம் சொல்லும்."

போனை வைத்துவிட்டு வயிற்றில் இருந்த பையைப் பார்த்தேன். சாம்பிள் உடைந்துவிட்டது. லாட் மிஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்பு பீஸ் உடைந்தால் மிஷின்தான் நிற்கும். இங்கே நிற்கப் போவது ஒரு பொம்பளையின் மூச்சு. இரும்புக்காக அன்றைக்கே போன் போட்டவன், இதற்கு மூன்று மாதமாக ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சுசீலாவையும் அழைத்துக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். ரயில்வே லைன் பக்கம் ஒற்றை அறை. அவள் அடுப்பில் ஒரு குண்டான் வைத்திருந்தாள். வாசலிலேயே அந்த இலை வாசனை அடித்தது.

"வா அண்ணாத்தே! எப்ப வந்த பெங்களூர்லேர்ந்து? இன்னா, பாதி ஆளாயிட்ட. மக சோறு போடலியா?"

"அடுப்ப அணை பஞ்சவர்ணம்."

"இன்னும் சுண்டல."

"அத்த கீழ ஊத்து. அது ஒண்ணும் பண்ணாது. நான் சொன்னது தப்பு. நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் கரண்டியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"தெரிஞ்சிபோச்சு. நான் காய்ச்சி நாலு பேருக்குக் குடுக்கறன்னு கோவம். உன் ஏவாரத்த நான் புடுங்கிட்டன்னு நெனச்சிகினு வந்துகீற. அண்ணாத்தே, நான் காசு வாங்கல. சும்மாதான் குடுக்கறேன்."

"ஏவாரம் இல்ல மே."

"பின்ன? ஊசி குத்துனா பரவும்னு நீதான சொன்ன? இப்ப போ போன்ற. எது பொய்? அன்னிக்கா, இன்னிக்கா?"

சுசீலா வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதை வேறொரு ஆள் சொல்லி அவள் கேட்கக் கூடாது. ஆனால் பூங்காவில் மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கையால் சட்டைப் பட்டனைக் கழற்றினேன். பனியனைத் தூக்கினேன்.

அவள் பையைப் பார்த்தாள். அதில் இருந்ததையும் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொண்டாட்டியைத் தவிர எந்தப் பெண் முன்னாலும் நான் பனியனைத் தூக்கியவன் இல்லை.

"இன்னாது இது?" குரல் அடங்கிவிட்டது.

"கேன்சர். பெருங்குடல்ல. அறுத்து எடுத்துட்டாங்க. பெங்களூர் போகல. ஊட்லதான் கெடந்தேன்."

"தெனம் குடிச்சியே."

"ரெண்டு வேளை குடிச்சேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். கீழே உட்கார்ந்தாள். வெளியே ரயில் போனது. பாத்திரமெல்லாம் அதிர்ந்து நின்றது.

"எத்தினி மாசம் ஆச்சி உனக்குத் தெரிஞ்சி?"

"மூணு."

"மூணு மாசமா நான் இத்த காய்ச்சிகினு கீறேன். ரெண்டு தெரு தள்ளி நீ படுத்துகினு கீற." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஒரு போன் பண்ணக் கூடாது உனக்கு? பெரிய மனுசன். ஆறு லேத் ஓட்டுன மனுசன். ஒரு போன்."

"வெக்கமா இருந்திச்சு."

"உனக்கு வெக்கம். எனக்கு?" தோளைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கை தூக்க மாட்டேங்குது. மாப்பு புடிக்க முடியாம எடது கையால தொடைக்கிறேன். சூப்பர்வைசர் கேக்கறான், இன்னாம்மா அழுக்கு அப்படியே கீதுன்னு. அவனாண்ட இன்னா சொல்லட்டும், அண்ணாத்த கேரண்டின்னா?"

சுசீலா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நாளைக்கி நான் கூட வரேன். அந்த டாக்டரம்மா நல்ல மாரி பேசுறாங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல."

"கெட்டுப் போச்சா இல்லியான்னு உனக்கு எப்படித் தெரியும் அக்கா? நீயும் கேரண்டி குடுக்கிறியா?"

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சட்டைப் பையில் கொண்டு வந்திருந்த பணக் கட்டை எடுத்தேன். ஐம்பதாயிரம் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள் என்று நீட்டினேன்.

அவள் அதைத் தொடவில்லை. "தானம் வேணாம். இத்த நான் வாங்கினன்னா, நாளைக்கி நீ பூங்காவுல நின்னுகினு பஞ்சவர்ணத்துக்கு அம்பதாயிரம் குடுத்தேன்னு சொல்லுவ."

சொல்வேன். அவள் சொன்னது சரி. எனக்கே அது தெரிந்தது.

"ஆறு மாசம் உன்னாண்ட குடிச்சேன். தெனம் இருவது. மூவாயிரத்தி அறுநூறு. அத்த மட்டும் குடு. இங்க இல்ல. நீ கேரண்டி குடுத்த எடத்துல. எங்க பொம்பளைங்க நாலு பேரையும் இட்டுகினு வரேன். நான் சொன்னா நம்ப மாட்டாளுங்க, அண்ணாத்த சொன்னா சொன்னதுதான்னு நானே சொல்லிவெச்சிகீறேன். நீ சொல்லு. அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"சொல்லலன்னா?"

"போவ மாட்டேன். அவளுங்கள விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது?"

அன்று வீட்டுக்கு வந்து டாக்டர் மைதிலிக்குப் போன் போட்டேன். கட்டி உள்ள ஒருத்தியைத் தெரியும், அன்றைக்கு நான் பொய் சொன்னேன், ஊசி பரவும் என்று சொன்ன ஆளும் நான்தான் என்று சொன்னேன். "காலைல கூட்டிட்டு வாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

காலையில் பூங்கா வாசலில் வழக்கமான கூட்டம். என் வண்டி சங்கிலி போட்டு நின்றது, பேனரில் தூசி. சுசீலா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணமும் அவளோடு வேலை பார்க்கிற நாலு பெண்களும் நீல யூனிபாரம் சேலையில் வந்து நின்றார்கள். திருமுருகன் நடையை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாரும் அண்ணாச்சி! என்ன, பெங்களூர் ஒத்துக்கலியா?"

"நான் பெங்களூர் போவல சார். எனக்குக் கேன்சர். ஆபரேசன் ஆச்சி. வயித்துல பை மாட்டிகீறாங்க."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் நின்றார்கள். நான் பேனரின் கயிற்றை அவிழ்த்தேன். ஒரு பக்கம் கழன்று தொங்கியது, இன்னொரு முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து இழுத்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

"நான் இங்க சொன்னது அல்லாம் தப்பு. கீர துன்னுங்க, காய் துன்னுங்க, நல்லதுதான். ஆனா கட்டி இருந்தா, ரத்தம் வந்தா, மொதல்ல ஆஸ்பத்திரி. ஊசி குத்துனா பரவாது. இந்தக் கஷாயம் கட்டிய ஒண்ணும் பண்ணாது. ஜாஸ்தி குடிச்சா கெடுதல்கூட இருக்கலாம்ன்றாங்க. ஊட்ல காய்ச்சறவங்க கீழ ஊத்திடுங்க."

நாலு பெண்களில் ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ, "அப்ப நம்ம காசு?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு என் முதுகில் ஊர்ந்தது.

"குடுத்துடறேன். குடிச்சவங்க வந்து வாங்கிக்கலாம்."

"எனக்குத் துட்டு வேண்டாம் அண்ணாச்சி" என்றார் திருமுருகன், மெதுவாக. "வாழத்தண்டு சூப்பாவது இனிமே உண்டுமா?"

"சூப்பு உண்டு சார். சூப்புன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

பஞ்சவர்ணம் பொறுமை இல்லாமல் முன்னால் வந்தாள். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையை நீட்டினாள். பினாயில் பட்டுப் பட்டு உள்ளங்கை வெளுத்து வெடித்திருந்தது.

"எண்ணு. ஆட்டோ நிக்குது."

நூறு ரூபாய் நோட்டுகளாக எடுத்து வந்திருந்தேன். முதல் நோட்டை வைத்தேன்.

"சத்தமா எண்ணு அண்ணாத்தே. அன்னிக்கு இன்னா சத்தமா பேசுன."

சத்தமாக எண்ணினேன். நூறு. இருநூறு. ஆயிரத்தில் ஒரு தடவை எண்ணிக்கை தவறியது, விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினேன். நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். யூனிபாரம் பெண்கள் உதட்டுக்குள் என்னோடு சேர்ந்து எண்ணுவது தெரிந்தது. அவள் கையை மடக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு கனத்ததும் கை கொஞ்சம் தாழ்ந்தது. என் கையைக் கீழே கொடுத்துத் தாங்கப் போனேன், தலையை அசைத்து வேண்டாம் என்றாள். மூவாயிரத்து நானூறு. மூவாயிரத்து ஐநூறு. கடைசி நோட்டைத் தடவி, ஒன்றுதான் என்று பார்த்து, மூவாயிரத்து அறுநூறு என்று சொல்லி அந்த விரிந்த கையில் வைத்தேன்.